வீட்டு இலக்கம் கட்டாயம்

எங்கள் வாசலிலிருந்து இணைய வயர் வந்து நிற்கிற கடைசி ஃபைபர் போஸ்ட் வரைக்கும் 380 மீற்றர். மேப்பில் பார்த்துச் சொல்லவில்லை. தச்சு வேலை செய்யும் பாஸ் மாமாவிடம் முப்பது மீற்றர் டேப்பை இரவல் வாங்கி, நானும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேயிலைக்குள் இறங்கி, அட்டைக்கடியோடு அளந்த கணக்கு. பன்னிரண்டு தடவை டேப்பை முழுசாக இழுத்தோம். பதின்மூன்றாவது தடவை இருபதில் போஸ்ட் வந்துவிட்டது. அதன் தலையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு காக்கை. தம்பி அண்ணாந்து பார்த்து, "அக்கா, அந்தக் காக்காவுக்கு இருக்கிற கனெக்சன்கூட நமக்கு இல்லையே" என்றான்.

இவ்வளவுக்கும் நான் இணையம் இல்லாத ஊரிலிருந்து வந்தவள் இல்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு மேல்மாடி அறையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். அங்கே விண்ணப்பம் கொடுத்த மூன்றாம் நாள் இரண்டு பையன்கள் வந்து, ஜன்னல் வழியாக வயரை இழுத்து, அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். வீடு என்னுடையது இல்லை, கட்டில்கூட வீட்டுக்காரம்மாவுடையது. ஆனால் அந்த அறைக்கு நகர சபை வீட்டுவரிக்குக் கொடுக்கிற சோலைவரி இலக்கம் இருந்தது, தெருவுக்குப் பெயர் இருந்தது. அதன் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

பிறகு அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வீடு கிடைத்தது. இந்திய உதவியில் கட்டிய வீடுகளில் ஒன்று. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி, இரண்டு அறை, உள்ளேயே குசினி. 2017 மே மாதம் மோடி நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே சொன்ன 4,000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது அந்த மைதானத்துச் சனத்துக்குள் மிதிபட்டவர்களில் நானும் ஒருத்தி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பிராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது மாளிகை. அம்மாவைத் தனியாக விட மனமில்லை, டவுன் வாடகையும் மிச்சம். மார்ச் மாதம் ஒரு சின்ன லொறியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். லொறியில் கடைசியாக ஏறியது ரவுட்டர். பழைய சீலை ஒன்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்குப் பிழைப்பு ஒன்லைனில்தான். சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம். பின்னேரம் நாலரைக்கு ஒரு வகுப்பு, ஆறரைக்கு இன்னொன்று. நான் பலகையில் எழுதுவது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமென்றால் இங்கிருந்து மேலே போகிற வேகம் சீராக இருக்க வேண்டும். படம் பார்க்கிறவர்களுக்குக் கீழே வருகிற வேகம் போதும். எனக்குப் போதாது.

முதலில், இருக்கிற கனெக்சனையே இங்கே மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். கம்பனியின் ஹொட்லைனில் சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. நான் இரண்டை அழுத்துவேன். ஆறேழு நிமிடம் பாட்டு ஓடும். பிறகு வருகிறவர் சிங்களத்தில் பேசுவார். எனக்குச் சிங்களம் வரும், அதில் குறையில்லை. ஆனால் இரண்டை அழுத்தச் சொன்னது எதற்கு என்று இன்றுவரை விளங்கவில்லை. நாலாவது தடவை ஒரு தமிழ்ப் பிள்ளை கிடைத்தாள். "மிஸ், உங்க ஏரியா கவரேஜ்ல இருக்கு, சிஸ்டத்துல பச்சையா காட்டுது" என்றாள். பச்சையாகத்தான் காட்டும். இங்கே எல்லாமே பச்சை.

சிஸ்டம் பச்சை காட்டினாலும் ஆள் வந்து பார்த்த பிறகுதான் முடிவு என்றார்கள். ஆள் வந்தார், போஸ்ட்டைப் பார்த்தார், எங்கள் வீட்டைப் பார்த்தார், நடுவில் இருக்கிற தேயிலையைப் பார்த்தார். "தூரம் கூட" என்றார். அத்தோடு இடமாற்றக் கோரிக்கை ரத்து. டவுன் கனெக்சனை நிறுத்தியதற்கு, ஒப்பந்தக் காலம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது என்று ஒரு தொகையையும் அறவிட்டார்கள். அவர்களால் தர முடியாததற்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டால் அது வேறு செக்சனாம். மடியில் வைத்துக் கொண்டுவந்த ரவுட்டரையும் திருப்பிக் கேட்டார்கள்.

புதிதாக விண்ணப்பித்தால்தான் போஸ்ட் நடுவதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். ஒன்லைன் விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் எல்லாம் சரி. அடுத்தது வீட்டு இலக்கம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், கட்டாயம் நிரப்ப வேண்டும். வெறுமையாக விட்டேன், நகரவில்லை. 'இல்லை' என்று போட்டேன், இலக்கம்தான் வேண்டுமாம். பூச்சியம் போட்டேன், அதுவும் செல்லாது. வெளியே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பின் சுவரில், தண்ணிக் குழாய்க்கு மேலே, கட்டின கொந்தராத்துக்காரர் நீலப் பெயின்டில் 17 என்று எழுதியிருந்தார். எந்த வீட்டுக்கு எத்தனை சீமெந்து மூட்டை என்று கணக்குப் பார்க்க எழுதியது. அதைப் போட்டேன். ஃபோர்ம் அடுத்த பக்கத்துக்குப் போனது. அன்றிலிருந்து நாங்கள் 17 ஆம் இலக்க வீடு.

தெருப் பெயர் கேட்டபோது தோட்டத்தின் பெயரையும் மேற்பிரிவு என்பதையும் போட்டேன். எங்கள் டிவிஷனில் நூற்றுச் சொச்சம் குடும்பத்துக்கும் அதே முகவரிதான்.

டவுனில் ஒரு வீட்டுக்கு இலக்கம் வருவது நகர சபை சோலைவரி அறவிடுவதால். தோட்டத்தில் யார் இலக்கம் கொடுப்பது? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவு செய்யாமல் ஒதுங்கியிருந்தன. எங்கள் அப்பன் ஆத்தாள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபை, எங்கள் லயத்து வாசலுக்கு ஒரு தெருவிளக்குப் போடவும் அந்தப் பிரிவு குறுக்கே நின்றது. அதைத் திருத்தியது 2018 இல். தெரு இல்லாத இடத்தில் தெருப் பெயர் ஏது, பெயர் இல்லாத தெருவில் இலக்கம் ஏது? கடிதங்களெல்லாம் தோட்டத்து ஆபீஸுக்கு வரும். கிளாக்கரய்யா பிரித்து வைப்பார். யாராவது பணிய லயத்துப் பக்கம் போனால் கொடுத்தனுப்புவார். என் பாடசாலைக் காலத்து நண்பி ஒருத்திக்கு வேலைக்கான நேர்முகக் கடிதம், நேர்முகம் முடிந்த மறுவாரம் கைக்கு வந்தது. அவள் இப்போது கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள்.

விண்ணப்பத்தோடு வதிவிடத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். மின்சார பில் போதுமாம். பில் அப்பாவின் பெயரில். அப்பா இறந்து ஆறு வருடம். லயத்துக் காம்பிராவின் கணக்கை இங்கே மாற்றியபோது பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவிடம் வேறு என்ன பத்திரம் இருக்கிறது என்று கேட்டேன். கட்டிலுக்கடியிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இழுத்தார். ஆத்தா காலத்துப் பெட்டி. 1964 இல் இந்தியாவும் இலங்கையும் எங்கள் குடியுரிமையைப் பங்குபோட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு நீ இந்தியாவா இலங்கையா என்று விண்ணப்பம் எழுதின காலத்திலிருந்து எங்கள் குடும்பம் ஒரு துண்டுக் காகிதத்தையும் எறிந்தது கிடையாது. ரேஷன் புத்தகம், மஞ்சளாகிப்போன சாட்சிக் கடிதங்கள், பிறப்புப் பதிவுக்குப் பதிலாகக் கொடுத்த ஏதோ ஒரு சீட்டு, எல்லாம் பொலித்தீன் பையில் கட்டிக் கிடந்தன. நாங்கள் யார் என்பதற்கு அத்தனை அத்தாட்சி இருந்தது. எங்கே இருக்கிறோம் என்பதற்கு மட்டும் ஒன்றும் இல்லை.

எங்கள் கிராம சேவகர், ஜீஎஸ் ஐயா, நல்ல மனிதர். சிங்களவர், தமிழில் தட்டுத் தடுமாறிப் பேசுவார். வதிவிடச் சான்றிதழ் எழுதித் தந்தார். அதில் பிரதேச செயலகத்தில் ஒரு கையொப்பம் வேண்டும். அதற்கு ஒரு முழுநாள், இரண்டு பஸ், ஒரு ஆட்டோ.

இதற்கிடையில் வகுப்பு நடக்க வேண்டுமே. சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்கினேன். அதை வைத்து எங்கள் வீட்டின் ஒவ்வோர் அங்குலத்தையும் அளந்தேன். போனில் ஒரு அப் இருக்கிறது, சிக்னல் பலத்தை எண்ணில் காட்டும். மைனஸ் கணக்கு, பூச்சியத்துக்குக் கிட்ட வர வரத்தான் நல்லது. முன் அறையில் மைனஸ் 116. குசினி ஜன்னலில் 111. கூரைத் தகரத்துக்கு மேலே மூங்கில் கழி கட்டி வைத்தால் 102. தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், தராசு தொங்குகிற இடத்தில், 88. ஏன் என்றால் டவர் நிற்பது எதிர் மலையின் மறுபக்கத்துச் சரிவில். மடுவம் இருக்கிற மேட்டிலிருந்து அதன் தலை தெரியும், எங்கள் வீட்டிலிருந்து மலையின் முதுகுதான் தெரியும். பனி மூடினால் சிக்னல் போகும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். பனிக்கும் மழைக்கும் 4ஜி அலை பெரிதாக அசைவதில்லை. மலைதான் மறைக்கிறது. மழை நாளில் சிக்னல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் சவுக்கு மரம் சாய்ந்து டவருக்குப் போகிற கரண்ட் அறுவதுதான்.

ஆகவே ஐந்து மாதமாக நான் மடுவத்தில்தான் படிப்பித்தேன். நாலரை மணிக்குக் கடைசிக் கொழுந்து நிறுத்து முடிந்து லொறி போனதும் அந்த பெஞ்சு எனக்கு. பச்சைக் கொழுந்து வாசம், கீழே சிந்தின இலை, பின்னால் தராசுக் கொக்கி ஆடுவது கமெராவில் தெரியும். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கொரோனாக் காலத்தில், 2021 இல், பதுளை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறிப் படித்ததை உலகமெல்லாம் படம் பிடித்துப் போட்டது. அந்தப் படங்களைப் பார்த்தபோது நான் டவுன் அறையில் சூடான பிளேன்டீயோடு இருந்தேன். ஆறரை வகுப்பு முடியும்போது நன்றாக இருட்டிவிடும். எங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. புலி என்றுதான் சொல்வோம். தம்பி டோர்ச்சோடும் ஒரு தகர டப்பாவோடும் வந்து தட்டிக்கொண்டே கூட்டிப் போவான்.

செலவைச் சொல்கிறேன். அம்மா எந்தக் காசையும் பேர்க் கணக்கில்தான் மாற்றிப் பார்ப்பார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் போட்ட அடிப்படை நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாய். அதுவும் சொன்ன கிலோ எடுத்தால்தான், இல்லாவிட்டால் அரைப் பேர். 4ஜி ரவுட்டர் பத்துப் பேர். மாதப் பெக்கேஜில் பாதி டேட்டா நள்ளிரவுக்குப் பிறகுதான் ஓடும். யாருக்கு நான் நள்ளிரவில் அட்சரகணிதம் சொல்லிக் கொடுக்க? பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழும்பி, அடுத்த நாள் வீடியோக்களை ஏற்றிவிட்டுப் படுப்பேன். விளம்பரத்தில் 2,490 என்று கொட்டை எழுத்தில் இருந்த பெக்கேஜ் பில்லாக வரும்போது சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம், அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிவிட்ட வற் எல்லாம் சேர்ந்து மூவாயிரத்தைத் தாண்டும். மின்சாரத்தைவிட இணையத்துக்குக் கூடவா என்று அம்மா கேட்டார். ஆமாம்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததும் தம்பி குதித்தான். போஸ்ட் வேண்டாம், தோட்ட முகாமையாளரான துரையின் தயவு வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். உண்மைதான், வானம் எங்களுக்கு நிறையவே தெரியும். ஆனால் தட்டுக்கு மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல். அம்மா விரல் விட்டு எண்ணவே இல்லை. "எழுவத்தஞ்சு பேருக்கு மேல போகும். ரெண்டு பேரும் சேர்ந்து மூணு மாசம் தின்னாம இருக்கணும்" என்றார்.

திரும்பவும் போஸ்ட்டுக்கே வந்தோம். கம்பனியின் பிரதேச அலுவலகத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்ன முதல் ஆள், விஷயத்தை உடைத்துச் சொன்னார். தனி வீடு என்றால் போஸ்ட் செலவை நான்தான் கட்ட வேண்டும். எட்டு விண்ணப்பம் சேர்த்துக் கொண்டுவந்தால் அங்கே ஒரு பெட்டியே போடலாம், போஸ்ட் அவர்கள் செலவு. பெட்டியில் எட்டு போர்ட். "ஆனா மிஸ், காணி தோட்டத்துக்காணி. துரையிட கடிதம் வேணும்."

எங்கள் வரிசையில் பதினான்கு வீடு. எட்டுப் பேரைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. எட்டுப் பேருக்கும் அத்தாட்சி சேர்ப்பதுதான் வேலை. ஒரு வீட்டில் மின்சார பில் குவைத்திலிருக்கிற மகளின் பெயரில். இன்னொன்றில் பெயர் இராமாயி என்று இருக்க வேண்டியது, இராமசாமி என்று விழுந்திருந்தது. ஜீஎஸ் ஐயா ஒரே இருப்பில் ஏழு சான்றிதழ் எழுதினார். கொந்தராத்துக்காரரின் நீல இலக்கங்களை எல்லாச் சுவர்களிலும் தேடிப் பிடித்தோம். 11 இருந்தது, 12 இருந்தது, 13 ஐக் காணோம். மழையில் அழிந்ததா, அவர் பயந்து எழுதாமல் விட்டாரா தெரியாது. அந்த வீட்டு அண்ணனுக்கு நானே பெயின்ட் வாங்கி 13 எழுதினேன்.

துரையைப் பார்க்கப் போனது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர், ஆபீஸ் படியேறினது எண்ணி நாலு தடவை. வாசலில் செருப்பைக் கழற்றப் போனார், நான் கையைப் பிடித்தேன். துரை சின்ன வயதுதான், மரியாதையாகவே பேசினார். 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறினாலும் காணி அரசாங்கத்துடையது, அவர்களுடையது குத்தகை. தேயிலைக்கு நடுவில் குழி தோண்ட அவரால் அனுமதிக்க முடியாதாம். எங்கள் வீடு நிற்கிற ஏழு பேர்ச் எங்களுடையது, ஆனால் அந்த ஏழு பேர்ச்சுக்கு வந்து சேருகிற வழி எங்களுடையது இல்லை. "ரோட்டோரமா கொண்டு வாங்க, நான் எழுதித் தாறேன்" என்றார். ரோடு மலையைச் சுற்றி வருவதால் 380 மீற்றர் 900 சொச்சமாக நீண்டது. கடிதம் கொழும்புத் தலைமை ஆபீஸுக்குப் போய்த் திரும்பி வர ஐந்து வாரம்.

போஸ்ட்டுக்குப் போஸ்ட் நாற்பது மீற்றர் என்று குழி தோண்டினார்கள். ஓகஸ்ட் மழை. குழிக்குள் தண்ணீர் நிற்கும், அள்ளி ஊற்றுவார்கள், திரும்ப நிற்கும். இரண்டு போஸ்ட்டைத் தோளில் கட்டித் தூக்கி வந்தவர்கள் எங்கள் பிரிவுப் பையன்கள்தான், அவர்களுக்கு அன்றைக்கு அதுவே கைக்காசு.

வீட்டுக்கு வயர் இழுத்த அன்று ஓகஸ்ட் கடைசி. டெக்னீசியன் தம்பி கொட்டகலைப் பக்கத்துப் பிள்ளை. வாசலில் உட்கார்ந்து கறுப்பு வயரை உரித்தான். உள்ளே ஒரு வெள்ளை இழை, அதையும் உரித்தால் தலைமயிர் தடிப்பில் கண்ணாடி. ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் துடைத்து, ஒரு சின்ன இயந்திரத்துக்குள் இரண்டு நுனியையும் வைத்து மூடினான். திரையில் இரண்டு தடித்த கம்பிகள் நேருக்கு நேர் வந்து நின்றன. அந்த நேரம் பார்த்துத் தூறல். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், இடுப்பில் கட்டிக் கொழுந்தெடுக்கப் போகிற படங்கை எடுத்து வந்து, இயந்திரத்துக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பொறி. இரண்டு கம்பியும் ஒன்றாயின. "வெளிச்சம்தான் அம்மா உள்ள போறது. ஒவ்வொரு பெட்டியிலயும் பிரிக்கப் பிரிக்க மங்கும்" என்று விளக்கினான். மீற்றரில் மைனஸ் 24. இருபத்தேழுக்குக் கீழே போனால் வேலை செய்யாதாம், தப்பித்தோம். ரவுட்டரில் சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் வெட்டி வெட்டி எரிந்து அணைந்தது. பச்சை வந்தது. அவன் தேத்தண்ணி குடித்துவிட்டு 13 ஆம் இலக்க வீட்டுக்குப் போனான்.

கனெக்சன் கட்டணம் 21,600. சரியாகப் பதினாறு பேர்.

எட்டு போர்ட்டும் நிரம்பிவிட்டது. மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டு பாஸ்வேர்டில் ஓடுகிறார்கள், மாதக் காசைப் பாதிப் பாதி போட்டுக்கொள்கிறார்கள். விதிப்படி அது சரியா என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குக் காது கேட்கவில்லை.

ஈ-பில் போதுமா என்று கம்பனி கேட்டபோது, இல்லை, காகிதத்திலேயே அனுப்புங்கள் என்றேன். அதற்கும் மேலதிகக் கட்டணம். பரவாயில்லை. முதல் பில் வராமலே, காசு கட்டவில்லை, இணைப்பு நிறுத்தப்படும் என்று போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். கிளாக்கரய்யா தபால் கட்டைப் புரட்டி எடுத்துத் தந்தார். வந்து பத்து நாளாம், எங்கள் பக்கம் யாரும் போகவில்லையாம். உறையில் என் பெயர், இல. 17, மேற்பிரிவு. அம்மா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், காசு கட்டியாச்சா என்று கேட்டார், கட்டியாச்சு என்றதும் பொலித்தீன் பையில் போட்டு ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த வாரம் அதை வெளியே எடுக்க வேண்டும். மின்சார பில்லில் அப்பாவின் பெயரை மாற்றுவதற்கு வதிவிட அத்தாட்சி கேட்கிறார்கள்.